நம் ஊரா, எங்கள் ஊரா?

தமிழ் பேசத் தொடங்கும் குழந்தைக்கு யாரும் சொல்லித் தராமலேயே ஒரு வேறுபாடு பிடிபட்டுவிடுகிறது. விருந்தாளியிடம் 'நம் வீடு' என்று சொல்வதற்கும் 'எங்கள் வீடு' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. 'நம்' என்றால் கேட்பவரும் உள்ளே இருக்கிறார். 'எங்கள்' என்றால் அவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். அந்த மொழியின் இந்தச் சிறு குறைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வேதனை மறைந்திருக்கக்கூடும் என்பதை எந்த இலக்கண நூலும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கடிதத்தின் முகவரிதான் சொல்லிற்று.

அயர்லாந்திலிருந்து கன்னியர் 1842ஆம் ஆண்டிலேயே கப்பலேறிச் சென்னைக்கு வந்து கல்விப்பணி தொடங்கியவர்கள். அந்த நெடிய வரிசையின் கடைசிப் பகுதியில் வந்தவர், எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அருட்சகோதரி. உயரமானவர், குரல் மட்டும் மெல்லியது. ஒரு சொல்லுக்குப் பதில் அதன் பக்கத்துச் சொல்லைப் போட்டால் அவருக்குப் பொறுக்காது. "நீ நினைத்தது இதுவா, அல்லது கைக்குக் கிடைத்தது இதுவா?" என்று கேட்பார். மாலையில் சமையற்கார அம்மாளிடம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்வார். 'ழ'கரம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. தம் தாய்மொழியான ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று அதைப் புதையல்போல் பாராட்டுவார்.

1967 என்று நினைவு. வகுப்பில் அட்லாஸை விரித்து வைத்திருந்தோம். அயர்லாந்துத் தீவு இரண்டு நிறங்களில் இருந்தது. வடகிழக்கு மூலைக்கு மட்டும் பிரிட்டனுடைய நிறம். "சிஸ்டர், உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது?" என்று என் தோழி கேட்டாள். அவர் விரலை வைத்த இடம் அந்த வடகிழக்கு நிறத்தின் மேற்கு ஓரம். "அப்படியானால் உங்கள் நாடு பிரிட்டனா?" என்றாள் அவள். "என் நாடு அயர்லாந்து" என்று சொல்லிவிட்டு அவர் அட்லாஸை மூடினார். அன்று வேறு எதுவும் பேசவில்லை. வரைபடம் தவறா, சிஸ்டர் தவறா என்று நாங்கள் இடைவேளையில் விவாதித்தோம். இருவருமே சரியாக இருக்கக்கூடும் என்பது அந்த வயதில் எங்களுக்குத் தோன்றவில்லை.

1978இல் அவர் உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார். அப்போது நானும் ஆசிரியையாகியிருந்தேன். விடைபெறுகையில் தம் முகவரியை ஒரு தாளில் எழுதித் தந்தார். மடத்தின் பெயர், தெருவின் பெயர், அதன் கீழே 'டெரி, அயர்லாந்து', அவ்வளவே. முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஐயம் வந்தது. அட்லாஸைப் பார்த்தேன். அதில் அந்த ஊர் 'லண்டன்டெரி' என்றிருந்தது. நாடு ஐக்கிய இராச்சியம். ஏரோகிராமில் 'லண்டன்டெரி, வட அயர்லாந்து, ஐக்கிய இராச்சியம்' என்று முத்து முத்தாக எழுதினேன். அதோடு நின்றேனா? கடிதத்தினுள்ளே, "தாங்கள் எழுதித் தந்த முகவரியில் சில சொற்கள் விடுபட்டிருந்தன, நிறைவு செய்திருக்கிறேன். துல்லியம் தாங்கள் கற்பித்ததுதானே!" என்று பெருமையோடு ஒரு வரியும் சேர்த்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. உடல்நலம், மழை, தோட்டம், பழைய மாணவியர் பற்றிய விசாரிப்பு. கடைசியில் சில வரிகள்: "உன் கடிதம் பத்திரமாய் வந்தது. எங்கள் தபால்காரருக்கு இரண்டு பெயர்களும் தெரியும். ஆனால் என் ஊருக்கு முன்னால் நீ சேர்த்திருந்த சொல்லைப் பார்த்ததும், எனக்கு எழுதியிருப்பது யார் என்று ஒரு கணம் திகைத்தேன்."

கோபமில்லை, கண்டனமில்லை. ஆயினும் அந்த வரிகளைப் படித்தபோது முகம் சிவந்தது. என்ன பிழை செய்தேன் என்று தெரியாமலே பிழை செய்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. அன்று தொடங்கிய தேடல் நூலகங்களிலும் செய்தித்தாள்களிலுமாகப் பல ஆண்டுகள் நீண்டது. 'அயர்லாந்து' என்ற அந்த ஒரு சொல்லை ஆங்கிலம் பேசுவோர் எத்தனை விதமாய்ச் சொல்லுகிறார்கள், எத்தனை விதமாய்க் கேட்கிறார்கள் என்று அறிய அறிய, என் அட்லாஸ் துல்லியத்தின்மேல் இருந்த நம்பிக்கை கரைந்தது.

1920இல் இலண்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 1921 மே மாதத்தில் அத்தீவு இரண்டாக வகுக்கப்பட்டது. மொத்தம் 32 மாவட்டங்கள். அவற்றுள் வடகிழக்கிலுள்ள 6 'வட அயர்லாந்து' என்ற பெயருடன் ஐக்கிய இராச்சியத்தில் தங்கின. எஞ்சிய 26 மாவட்டங்கள் 1922இல் 'ஐரிஷ் சுதந்திர அரசு' ஆயின. 1937இல் அந்த 26 மாவட்ட அரசு தனக்குப் புதிய அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. அரசின் பெயர் ஐரிஷ் மொழியில் 'ஏரே', ஆங்கிலத்தில் 'அயர்லாந்து' என்று அது கூறிற்று. தீவு முழுவதுமே தன் தேசிய நிலப்பரப்பு என்றும் உரிமை கோரிற்று. ஆக, முழுத் தீவின் பெயர் அதன் ஒரு பகுதியின் அரசுக்கும் பெயராயிற்று.

இதை இலண்டன் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்நாட்டை 'ஏரே' என்றே குறிப்பிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது அயலாரின் மொழிக்குக் காட்டும் மரியாதைபோல் தோன்றும். உண்மையில், 'அயர்லாந்து' என்று சொல்லாமல் தப்புவதற்கு அது ஒரு வழி. 1949 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், 'அயர்லாந்துக் குடியரசு' என்பது அந்த அரசின் விவரிப்பு என்று அறிவித்தது. பெயரை அது மாற்றவில்லை. 'ஆசிரியை' என்பது என்னைப் பற்றிய விவரிப்பு. என் பெயர் வேறல்லவா? அதுபோலத்தான். ஆனால் இலண்டனுக்கு அந்த விவரிப்பே வசதியான பெயராகிவிட்டது.

இந்த இழுபறி எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 1985 நவம்பரில் இரு அரசுகளும் ஹில்ஸ்பரோவில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. உள்ளடக்கம் ஒன்றே, பிரதிகள் இரண்டு. ஒரு பிரதியின் தலைப்பில் 'அயர்லாந்து அரசும் ஐக்கிய இராச்சிய அரசும்' என்றிருந்தது. மற்றதில் 'பெரிய பிரிட்டன், வட அயர்லாந்து ஐக்கிய இராச்சிய அரசும் அயர்லாந்துக் குடியரசின் அரசும்' என்றிருந்தது. அமைதிக்காகக் கைகுலுக்கியவர்கள், எதிரே நிற்பவரின் பெயரை ஒரே தாளில் எழுத உடன்பட முடியவில்லை! 1989இல் அயர்லாந்தின் உச்ச நீதிமன்ற நீதியரசர் பிரயன் வால்ஷ், ஒரு குற்றவாளி ஒப்படைப்பு வழக்கில், தம் நாட்டை அதன் அரசியலமைப்புப் பெயரால் குறிப்பிடாத பிரிட்டிஷ் பிடியாணைகளைத் திருத்தத்திற்காகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கருத்துரைத்தார்.

இதிலெல்லாம் இலண்டனின் பிடிவாதம் மட்டுமே இருந்தது என்று முதலில் எண்ணினேன். என் ஆசிரியைமேல் கொண்ட பாசம் அப்படி எண்ணவைத்தது. ஆனால் அது முழு உண்மையன்று. வடக்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் புராட்டஸ்டண்டு மக்களின் திருச்சபைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் பெயர் 'அயர்லாந்துத் திருச்சபை'. மற்றொன்று 'அயர்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை'. அத்தீவின் பெயரில் அவர்களுக்கும் பங்குண்டு. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் அவர்களுக்கு, டப்ளினில் உள்ள அரசு தன்னை 'அயர்லாந்து' என்று மட்டும் சொல்லிக்கொள்ளும்போது காதில் விழுவது என்ன? 'நீங்கள் அயர்லாந்தில் இல்லை' என்று கேட்கும். அல்லது 'உங்களையும் சேர்த்தே எழுதிக்கொண்டோம்' என்று கேட்கும். முதலாவது அவர்களை வெளியே தள்ளுகிறது. இரண்டாவது அவர்களைக் கேளாமலே உள்ளே இழுக்கிறது. அரசின் வாயில் 'எங்கள் அயர்லாந்து' என்று ஒலிக்கும் சொல், பக்கத்து வீட்டாருக்கு எப்படி 'நம் அயர்லாந்து' ஆகும்?

அன்றாடப் பேச்சிலும் இதே சிக்கல்தான். ஒருவர் வட அயர்லாந்தை 'ஆறு மாவட்டங்கள்' என்றால் அவர் பிரிவினையை ஏற்காதவர் என்று ஊகிப்பார்கள். 'அல்ஸ்டர்' என்றால் பெரும்பாலும் பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புபவர். அந்த அல்ஸ்டரும் பங்குப் பெயரே. பழைய அல்ஸ்டர் மாகாணத்தில் மாவட்டங்கள் 9. அவற்றுள் டொனிகால், கேவன், மோனகன் என்ற மூன்றும் எல்லைக்குத் தெற்கே குடியரசில் இருக்கின்றன. தெற்கே என்றேன், அதிலும் ஒரு வேடிக்கை. தீவின் வடகோடியான மேலின் முனை டொனிகாலில்தான் உள்ளது. பேச்சு வழக்கில் 'தெற்கு' எனப்படும் நாட்டின் நிலம், 'வடக்கு' எனப்படும் பகுதியைவிட வடக்கே நீள்கிறது!

என் சிஸ்டரின் ஊருக்கு வருவோம். 'டெரி' என்பது ஓக் மரச்சோலையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. 1613இல் இங்கிலாந்து அரசரின் பட்டயம் ஒன்று, குடியேற்றத்திற்குப் பொருள் தந்த இலண்டன் வணிகர் சங்கங்களின் தொடர்பால், அதற்கு 'லண்டன்டெரி' என்று பெயரிட்டது. 1984இல் நகர மன்றத்தின் பெயர் டெரி ஆனது. ஆனால் நகரத்தின் சட்டப்படியான பெயர் லண்டன்டெரியே என்று 2007இல் நீதிமன்றம் கூறியது. வடக்கில் சாலையோரப் பலகைகளில் 'லண்டன்' என்ற பகுதியின்மேல் மட்டும் யாரோ வண்ணம் பூசிவிட்டுப் போயிருப்பார்கள். இரு பெயர்களையும் சாய்கோடிட்டு எழுதும் வழக்கத்தைக் கண்ட வானொலி அறிவிப்பாளர் ஜெரி ஆண்டர்சன், 'சாய்கோட்டு நகரம்' என்று விளையாட்டாய் ஒரு பெயர் வைத்தார்; அது நிலைத்துவிட்டது.

ஆயினும் இதையும் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துவிட முடியாது. அந்நகரின் 1689ஆம் ஆண்டு முற்றுகையை நினைவுகூரும் புராட்டஸ்டண்டு அமைப்பின் பெயரிலேயே 'டெரி'தான் இருக்கிறது. கத்தோலிக்க மறைமாவட்டமும் டெரி. அயர்லாந்துத் திருச்சபையின் மறைமாவட்டமும் டெரி என்றே தொடங்குகிறது. பெயர் ஒன்றாயிருப்பதாலோ இரண்டாயிருப்பதாலோ பகை பிறப்பதில்லை. எதிரே நிற்பவரை வெளியே நிறுத்துவதற்காக அதை எடுத்து வீசும்போதுதான் அது கல்லாகிறது. நானும் அறியாமல் ஒரு கல்லைத்தான் ஏரோகிராமில் வைத்து அனுப்பியிருந்தேன்.

பங்கிட்டு வாழ்ந்த இடங்களும் உண்டு. நம் திருச்சபை தீவைப் பிரிக்கவில்லை. ஆயர் பேரவை தீவு முழுமைக்கும் ஒன்றே. அர்மா, டெரி போன்ற மறைமாவட்டங்கள் எல்லைக்கோட்டின் இருபுறமும் பரந்துள்ளன. அர்மா நகரம் வடக்கில் இருக்கிறது. அதன் பேராயர் 'அனைத்து அயர்லாந்தின் முதன்மை ஆயர்'. டப்ளின் தெற்கில் இருக்கிறது. அதன் பேராயர் 'அயர்லாந்தின் முதன்மை ஆயர்'. யார் முதல்வர் என்று நடு நூற்றாண்டுகளில் நெடுநாள் நடந்த வழக்கு, 'அனைத்து' என்ற ஒரே சொல்லால் இருவருக்கும் இடம் வைத்து முடிந்திருக்கிறது. புராட்டஸ்டண்டு பேராயர்களும் இதே பட்டங்களை இதே முறையில் தாங்குகின்றனர்.

விளையாட்டில் இருவிதமும் நடந்தன. கால்பந்தில் இரண்டு சங்கங்கள். இரண்டும் 'அயர்லாந்து' என்ற பெயரிலேயே அணி அனுப்பின. 1950 உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களில் நான்கு பேர் இரண்டு 'அயர்லாந்து'களுக்கும் ஆடினார்கள். 1953இல் உலகக் கால்பந்துச் சங்கம் தலையிட்டு இருவருக்கும் வெவ்வேறு பெயர் வகுத்தது. ரக்பியிலும் கிரிக்கெட்டிலும் தீவு முழுவதற்கும் ஒரே அணி. 2011 மார்ச் 2 அன்று பெங்களூரில், இங்கிலாந்தின் 327 ஓட்டங்களைத் துரத்திப் பிடித்து அயர்லாந்து வென்ற ஆட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அன்று 50 பந்துகளில் சதமடித்த கெவின் ஓ'பிரையன் டப்ளின்காரர். அணித்தலைவர் வில்லியம் போர்ட்டர்ஃபீல்டு வட அயர்லாந்துக்காரர். அன்று இரவு 'அயர்லாந்து வென்றது' என்று இருவரும் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

1998ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, ஏப்ரல் 10ஆம் நாள், பெல்ஃபாஸ்டில் உடன்பாடு கண்டது. மே மாதம் ஒரே நாளில் இரு பகுதி மக்களும் வாக்களித்தார்கள். வடக்கில் நூற்றுக்கு 71 பேரும் தெற்கில் 94 பேரும் ஒப்பினர். டப்ளின், தீவு முழுவதையும் உரிமை கோரிய பிரிவுகளைத் திருத்திக்கொண்டது. இலண்டன், அரசுகளுக்கிடையேயான ஒப்பந்தத்தில் 'அயர்லாந்து அரசு' என்று எழுதிற்று. வடக்கில் பிறந்த ஒருவர் தம்மை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அது அவரவர் உரிமை. வேறு எதையும்விட இந்த ஒரு விதி என் நெஞ்சைத் தொட்டது. அன்று வகுப்பில் என் தோழி கேட்ட கேள்விக்கு 31 ஆண்டுகள் கழித்து ஒரு விடை கிடைத்ததுபோல் இருந்தது. அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு 2020இல் விலகியபோது எல்லை வணிகத்திற்காக எழுதப்பட்ட இணைப்பொப்பந்தத்தின் தலைப்பு, 'அயர்லாந்து' என்றும் 'வட அயர்லாந்து' என்றும் நடுவே ஒரு சாய்கோட்டுடன் இருந்தது. பழைய சாய்கோடு மீண்டும் வந்து நின்றது.

சிஸ்டரின் கடைசிக் கடிதம் 1999இல் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தாராம். பக்கத்துக் கட்டிலில் அவர் வயதொத்த ஒரு புராட்டஸ்டண்டு மூதாட்டி. அவர் நாவில் ஊரின் பெயர் லண்டன்டெரி. இவர் நாவில் டெரி. முதல் நாள் இருவரும் எச்சரிக்கையோடு பேசினார்களாம். பிறகு ஃபாயில் ஆறு, மழையில் வழுக்கும் நகர மதில், இருவரின் தாய்மாரும் இளமையில் உழைத்த சட்டைத் தொழிற்சாலைகள் என்று பேச்சு வளர்ந்ததாம். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் ஊரின் பெயரையே சொல்லாமல் பேசப் பழகிக்கொண்டார்களாம்.

"அவள் ஒரு சொல் சொல்வாள், நானும் அதையே சொல்வேன். அதை ஆங்கிலத்தில் எழுதினால் உனக்குச் சரியாகப் புரியாது, ஆகவே உன் மொழியில் எழுதுகிறேன்" என்றிருந்தது. அதற்கடுத்து, ஆங்கில வரிகளின் நடுவே, கற்றுக்கொண்டு பல்லாண்டுகளான கோணல் எழுத்தில், தமிழில் இரண்டே சொற்கள்:

நம் ஊர்.

2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார். இங்கே பழைய மாணவியர் நினைவுத் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தோம். நினைவு அட்டையில் அச்சிடுவதற்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிறந்த இடம் என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. 'அயர்லாந்து நாட்டில்' என்றால் சட்டத்திற்குப் பொருந்தாது. 'ஐக்கிய இராச்சியத்தில்' என்றால் அவருக்குப் பொருந்தாது. 'டெரி' என்று மட்டும் எழுதினால் பக்கத்துக் கட்டில் மூதாட்டி வெளியே நிற்பார். நெடுநேரம் யோசித்து, 'அயர்லாந்துத் தீவில், ஃபாயில் ஆற்றங்கரையில் பிறந்தார்' என்று எழுதினேன். தீவும் ஆறும் அவர்கள் இருவருக்கும் உரியவை அல்லவா?

உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி நின்ற மதலேன் மரியா, தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோதுதான் அவரை அறிந்துகொண்டார். ஒருவரை அவருக்கு உரிய பெயரால் அழைப்பதில் அவ்வளவு வல்லமை இருக்கிறது. ஊருக்கும் அது பொருந்தும். அட்லாஸ் இன்றும் என் மேசையில் இருக்கிறது. எல்லைக்கோடுகளை அறிய அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் ஓர் உறையின்மேல் முகவரி எழுதும்போது மட்டும், பெறுபவர் தம் கையால் எழுதித் தந்ததை ஓர் எழுத்தும் கூட்டாமல், ஓர் எழுத்தும் குறைக்காமல் அப்படியே எழுதுகிறேன். துல்லியத்தைக் கற்பித்தவர் எனக்கு அளித்த கடைசிப் பாடம் அதுதான்.